அடுப்புச் சூடுன்னு நெனச்சேன்: மெனோபாஸுக்கு யார்கிட்ட போறது, என்னன்னு சொல்றது

காரைக்குடியில வீட்டுல இருந்தே பலகாரம் போட்டுக் குடுக்குறேன், இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. மாவுருண்டைக்கு வறுத்து அரைச்ச பாசிப்பருப்பு மாவுல நெய்ய நல்லா காயவச்சு ஊத்தி, கை பொறுக்குற சூட்டுலயே உருட்டிரணும், ஆறிருச்சுன்னா பிடிபடாது உதிர்ந்துரும். நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தீபாவளி ஆர்டர் நேரத்துல அப்படி உருட்டிக்கிட்டு இருக்கும்போது நெஞ்சுக்குள்ள இருந்து குப்புனு ஒரு சூடு கெளம்பி கழுத்து, காது, உச்சந்தலை வரைக்கும் ஏறுது, ஜாக்கெட்டு முதுகுப்பக்கம் தொப்பலா நனைஞ்சு போச்சு, மூக்கு நுனி வேர்வை மாவுல சொட்டிருமோன்னு தாம்பாளத்த தள்ளி வச்சுட்டு பின்கட்டு வாசல்ல போயி உக்காந்துட்டேன். ரெண்டு மூணு நிமிஷம் தான். அப்பறம் உடம்பெல்லாம் சில்லுனு ஆயி குளிருது.

அடுப்புக்கிட்டயே நிக்கிறோம்ல, அதான்னு நெனச்சேன். அப்படியே ஒரு வருஷம் ஓட்டுனேன். எண்ணெய் தேச்சுக் குளிச்சேன், வெந்தயம் ஊறவச்சுக் குடிச்சேன், எளநீ குடிச்சேன். மார்கழி மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கு, ஆத்தங்குடி கல்லு பதிச்ச தரையில பாயக்கூட விரிக்காம வெறும் தரையில படுத்துக்கிட்டு, போர்வை போத்திருந்தவுகளுக்கு நடுவுல நான் மட்டும் வேர்த்து ஊத்தி எந்திருச்சு உக்காந்தப்ப தான் தெரிஞ்சுச்சு, இதுக்கும் அடுப்புக்கும் ஒண்ணுமில்லன்னு. அப்ப எனக்கு 47 வயசு. அதுக்கப்பறமும் சரியான டாக்டர்கிட்ட போயி சேர எட்டு மாசம் ஆச்சு. அந்த எட்டு மாசம் உங்களுக்கு வேண்டாம்னு தான் இத எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, பலகாரக்காரி. நான் பட்டதையும் டாக்டரம்மா சொன்னதையும் கேட்டு படிச்சு தெரிஞ்சுக்கிட்டதையும் சொல்றேன், மாத்திரைய உங்க டாக்டர்கிட்ட கேட்டுத்தான் போடணும்.

மொதல்ல இது என்னன்னு

பீரியட்ஸ் கடைசியா வந்து முழுசா 12 மாசம் வராம இருந்தா அதுக்குப் பேரு மெனோபாஸ். நம்ம ஊரு பக்கம் "நின்னு போச்சு"ம்பாக. இந்தியாவுல இது சராசரியா 46, 47 வயசுல வருது, வெளிநாட்டுல 51ன்னு சொல்றாக. அதனால இங்கிலீஷ் வீடியோவப் பாத்துட்டு "எனக்கு இன்னும் வயசாகல"ன்னு 44லயே தொந்தரவு ஆரம்பிச்சவுக சும்மா இருந்துறாதீக. நிக்கிறதுக்கு முன்னாடியே நாலஞ்சு வருஷமா ஆட்டம் காட்டும், அது தான் பெரும்பாடு. ஒரு மாசம் ரெண்டு தடவ வரும், அப்பறம் மூணு மாசம் ஆளக்காணோம், அப்பறம் கொட்டு கொட்டுனு கொட்டும். 45க்கு முன்னாடியே நின்னா சீக்கிரம், 40க்கு முன்னாடி நின்னா கண்டிப்பா டாக்டர பாக்கணும், ஏன்னா எலும்புக்கும் இருதயத்துக்கும் காவலா இருந்த ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன் அம்புட்டு வருஷம் முன்னாடியே கொறைஞ்சு போகுது.

அந்த ஈஸ்ட்ரோஜன் ஏறி எறங்குறதுல தான் மூளைக்குள்ள உடம்புச் சூட்ட பாத்துக்கிற இடம் தடுமாறுது. கொஞ்சூண்டு சூடு கூடுனாலே "ஐயோ எரியுது"ன்னு ரத்தக்குழாயெல்லாம் தோல் பக்கமா விரிச்சு விட்டு வேர்வைய கொட்ட வச்சுருது. அதுதான் குப்புனு வர்ற அந்தச் சூடு, ஹாட் ஃப்ளஷ்னு டாக்டர் எழுதுவாக. ரெண்டு மாசத்துல போயிரும்னு எங்க அக்கா சொன்னாக, அப்படியெல்லாம் இல்ல, சராசரியா ஏழு வருஷம் கூட இழுக்குமாம். சில பேருக்கு வரவே வராது, குடுத்து வச்சவுக.

சூடும் வேர்வையும் எல்லாருக்கும் தெரிஞ்சது. தெரியாத பட்டியல் தான் பெருசு. ராத்திரி மூணு மணிக்கு டக்குனு முழிப்பு, அப்பறம் தூக்கமே கெடையாது. படபடப்பு. மூட்டுக்கு மூட்டு குடைச்சல், காலைல எந்திருச்சா வெரல மடக்க முடியல. சீப்பு சீடைக்கு மாவு பெசையுறப்ப உப்பு போட்டோமா இல்லையான்னு நின்னு யோசிக்கிறேன், இருபது வருஷம் கண்ண மூடிக்கிட்டு செஞ்ச வேல. கோவம் வந்துச்சு பாருங்க, பேத்தி டம்ளர கவுத்துவிட்டதுக்கு நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு ஆச்சி எட்டிப் பாத்தாக. அன்னிக்கு ராத்திரி நானே அழுதேன். இதெல்லாம் தனித்தனி வியாதின்னு நெனச்சு தூக்கத்துக்கு ஒரு டாக்டர், மூட்டுக்கு ஒரு தைலம், கோவத்துக்கு ஒரு கோயில்னு அலைஞ்சேன்.

வாய விட்டு யாரும் சொல்லாத ஒண்ணு இருக்கு, நான் சொல்லிர்றேன். கீழ வறட்சி. அரிப்பு, எரிச்சல், நடந்தாலே உரசுற மாதிரி, வீட்டுக்காரரோட இருக்கும்போது வலி, இருமுனா தும்முனா ரெண்டு சொட்டு மூத்திரம், அடிக்கடி நீர்க்கடுப்பு. சூடு ஒரு நாள் தானா போனாலும் போகும், இது தானா போகாது, வருஷம் ஆக ஆக கூடும். ஆனா வைத்தியம் ரொம்ப ஈஸி. பேரன் பேத்தி எடுத்த வயசுல இத எப்படி கேக்குறதுன்னு வெக்கப்பட்டு பத்து வருஷம் எரிச்சலோட இருக்குறவுக நம்ம தெருவுலயே எத்தன பேருன்னு எண்ணிப் பாருங்க.

டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம்

மொத தடவ ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன், பேரு வேண்டாம். "என்ன செய்யுது"ன்னாக, "உடம்பு முடியல டாக்டர், ஒரே அசதி"ன்னேன். நிமிந்து கூட பாக்கல, சத்து மாத்திரை, "வயசாகுதுல்ல"ன்னு ஒரு சிரிப்பு, அவ்ளோதான். அன்னிக்கு கோவமா வந்துச்சு, இப்ப யோசிச்சா அவுக மேல பாதி தப்பு, மீதி நான் சொன்ன விதத்துல. "உடம்பு முடியல"ன்னு சொன்னா யாருக்கு என்ன புரியும், நம்ம ஊருல மருமக மேல கோவம்னாலும் உடம்பு முடியலன்னு தானே சொல்றோம்.

அடுத்த தடவ போறப்ப என் ஆர்டர் நோட்டு பின்பக்கம் எழுத ஆரம்பிச்சேன். முன்பக்கம் "தேன்குழல் 3 கிலோ, அதிரசம் 50, வெள்ளிக்கெழமை", பின்பக்கம் இப்படி:

"செவ்வாய். பகல் 4 தடவ, ராத்திரி 3 தடவ. நைட்டி மாத்துனேன் 2. 2.40க்கு முழிப்பு, அப்பறம் தூங்கல. காப்பி குடிச்ச ஒடனே ஒண்ணு வந்துச்சு. படபடப்பு படியேறும்போது இல்ல, சும்மா உக்காந்திருக்கும்போது."

"புதன். பீரியட்ஸ் பட்டுச்சு, 71 நாள் கழிச்சு. ஒரு நாளைக்கு 8 பேடு. கட்டி கட்டியா."

பெருசா ஒண்ணும் எழுத வேண்டாம், எழுத வராதவுக காலண்டர்ல கோடு போட்டா போதும், வேர்த்தா ஒரு கோடு, பட்டா ஒரு வட்டம், தூங்காத ராத்திரிக்கு ஒரு புள்ளி. ரெண்டு வாரம் போதும். கூடவே நாலு விஷயம் எழுதி வச்சுக்கங்க: கடைசியா பட்ட தேதி, இப்ப போடுற மாத்திரை எல்லாம் (சுகர், பிரஷர், தைராய்டு, நாட்டு மருந்து லேகியம் கூட), கர்ப்பப்பை ஆபரேஷன் ஆயிருந்தா சினைப்பையையும் எடுத்தாகளா இல்லையா, அம்மா, அக்கா, சித்தி யாருக்காவது மார்பு, கர்ப்பப்பை, சினைப்பை கேன்சரோ ரத்தம் கட்டுறதோ இருந்துச்சான்னு. மூணாவது விஷயம் பாதிப்பேருக்குத் தெரியாது. பழைய டிஸ்சார்ஜ் சீட்டு பெட்டகத்துல எங்கயாவது கெடக்கும், தேடி எடுங்க.

அந்த நோட்ட டாக்டரம்மா மேசையில வச்சேன், அவுக முன்பக்கத்த தெறந்துட்டாக. "அதிரசம் எவ்ளோ?"ன்னு கேட்டு சிரிச்சாக. அப்பறம் பின்பக்கம் படிச்சாக, ஒவ்வொரு வரியா. அன்னிக்கு தான் இருபது நிமிஷம் எனக்காக ஒருத்தவுக உக்காந்து கேட்டாக.

எங்க போறது

செலவு பண்ண முடியாதவுக ஆரம்ப சுகாதார நிலையத்துலயே ஆரம்பிங்க. 30 வயசுக்கு மேல பொம்பளைகளுக்கு பிரஷர், சுகர், மார்பு, கர்ப்பப்பை வாய் பரிசோதனை அங்கயே காசில்லாம பாக்குறாக, அதுக்குன்னு போனா கூட இதையும் பேசிரலாம். 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு வந்து பிரஷர் மாத்திரை குடுக்குற பொண்ணுங்க வர்றாகள்ல, அவுகளையே கேளுங்க என்னிக்கு லேடி டாக்டர் இருப்பாகன்னு, நம்ம தெருப்பொண்ணுதான், வெக்கப்படாம கேக்கலாம். அதுக்கு மேல காரைக்குடி ஜிஎச், சிவகங்கை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி. காலங்காத்தால பஸ் ஏறி சாப்பாடு கட்டிக்கிட்டுப் போகணும், கூட்டம் இருக்கும், ஆனா ஸ்கேன், ரத்தம், சதை பரிசோதனை எல்லாம் ஒரே இடத்துல. பிரைவேட்னா மகப்பேறு டாக்டர்னு போர்டு பாத்து போறோம், ஆனா அங்க வரிசையில எல்லாம் வயித்துப்பிள்ளைக்காரிக, நம்மள பாக்க நேரம் இருக்காது, அதனால போன்லயே "மெனோபாஸ் சம்பந்தமா பேசணும், கூட்டம் இல்லாத நேரம் எப்ப"ன்னு கேட்டுக்கிட்டு போங்க. இது நல்லா வேல செய்யுது. எங்க போறதுன்னே தெரியலன்னா 104க்கு போன் போட்டா அரசாங்க ஆஸ்பத்திரி விவரம் சொல்லுவாக.

கூட யார கூட்டிட்டுப் போறதுன்னு யோசிங்க. அயித்தையோட போனா வறட்சியப் பத்தி வாயத் தெறக்க முடியுமா? மகள், தங்கச்சி, கூட்டாளி, இல்ல தனியா. வீட்டுக்காரர் வந்தா அவர கொஞ்ச நேரம் வெளிய உக்காரச் சொல்லுங்க, தப்பில்ல.

உள்ள போனதும் என்ன சொல்லணும்னு தெரியாம முழிக்கிறவுக இத அப்படியே சொல்லலாம்: "எனக்கு 48 வயசு, ஆறு மாசமா பீரியட்ஸ் ஒழுங்கா இல்ல, ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவ வேர்க்குது, தூக்கம் இல்ல, வேல பாக்க முடியல, இது மெனோபாஸா வேற எதுவுமான்னு பாத்து வைத்தியம் சொல்லுங்க." "வேல பாக்க முடியல"ங்கிறத விட்றாதீக, அத வச்சுத்தான் எவ்வளவு தீவிரம்னு அவுக எடை போடுறாக. கீழ எரிச்சல சொல்ல நா வரலயா, சீட்டுல எழுதி நீட்டுங்க. நான் அப்படித்தான் நீட்டுனேன்.

45 தாண்டுனவுகளுக்கு அறிகுறிய வச்சே இதுதான்னு சொல்லிருவாக, ஹார்மோன் டெஸ்ட் எல்லாருக்கும் தேவையில்ல, பெரிய பாக்கேஜ் எழுதுனா "இது எதுக்கு"ன்னு கேளுங்க. ஆனா வேற சிலது பாக்கணும், ஏன்னா வேர்வையும் படபடப்பும் எல்லாமே மெனோபாஸ் கெடையாது. தைராய்டு கூடுனாலும் இதே மாதிரி வேர்க்கும். ரத்தச்சோகை இருந்தாலும் படபடக்கும், ஹீமோகுளோபின் 12க்கு கீழன்னா சோகை தான். சுகருக்கு மாத்திரையோ ஊசியோ போடுறவுகளுக்கு திடீர்னு வேர்த்து நடுங்குனா சுகர் எறங்கியிருக்கலாம், அந்த நேரத்துல மெஷின்ல ஒரு சொட்டு குத்திப் பாத்துருங்க. ராத்திரி வேர்வையோட காய்ச்சல், எடை கொறையுது, ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னா டிபி டெஸ்ட். நெஞ்ச அமுக்குற மாதிரி வலி, தாடைக்கோ எடது கைக்கோ இழுக்குது, மூச்சு வாங்குது, குளிர வேர்க்குதுன்னா நோட்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், 108.

இத மட்டும் தள்ளிப்போடாதீக

ஒரு வருஷம் நின்னதுக்கு அப்பறம் ஒரு சொட்டு பட்டாலும் டாக்டர்கிட்ட போகணும். ஒரே சொட்டு, ஒரே நாள், லேசா காப்பிக் கலருல, எப்படி இருந்தாலும் சரி. எங்க பக்கத்து வீட்டு ஆச்சி ஆறு மாசம் யாருக்கும் தெரியாம துணி வச்சுக்கிட்டு இருந்தாக, "சூட்டுல வருது"ன்னு தானே முடிவு பண்ணிக்கிட்டாக, முன்னோருக்குப் படைப்பு வருது, பேரனுக்கு கல்யாணம் வருதுன்னு நாள தள்ளுனாக. ஸ்கேன்ல பாலிப்னு ஒரு சதை, எடுத்தாச்சு, இப்ப நல்லா இருக்காக. பத்துல ஒம்போது பேருக்கு இது கேன்சரா இருக்காது, ஆனா அந்த பத்தாவது ஆளு நம்மளா இல்லையான்னு ஸ்கேனும் சதை பரிசோதனையும் தான் சொல்லும். கர்ப்பப்பை உள்சுவர் 4 மில்லிமீட்டருக்கு மேல தடிச்சிருந்தா கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவாக. ஆரம்பத்துலயே தெரிஞ்சா இந்தக் கேன்சர் பெரும்பாலும் குணமாகுற கேன்சர்.

பக்கத்துல புதுக்கோட்டையில 1886ல பொறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிய நமக்கு பிரசவ உதவித்தொகை பேருல தான் தெரியும். தங்கச்சி கேன்சர்ல போனத கண்ணால பாத்தவுக அவுக, அதுல தான் 1954ல அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் வந்துச்சு. நம்ம சீமைக்காரி அம்புட்டு பாடுபட்டிருக்காக, நாம துணிய ஒளிச்சு வச்சுக்கிட்டு இருக்கோம்.

நிக்காத ஆளுகளுக்கும் சொல்றேன், ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேடு நனையுது, ஏழு நாளைக்கு மேல போகுது, பெரிய பெரிய கட்டியா வருது, வீட்டுக்காரரோட இருந்ததுக்கு அப்பறம் படுதுன்னா அது "நிக்கப்போறதுக்கு முன்னாடி அப்படித்தான் போகும்" இல்ல, காட்டணும். இன்னொண்ணு, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணாதவுக பீரியட்ஸ் தள்ளிப்போகுதுன்னு தைரியமா இருக்காதீக, 50க்கு கீழ நின்னா ரெண்டு வருஷம், மேலன்னா ஒரு வருஷம் வரைக்கும் கர்ப்பத்துக்கு வாய்ப்பு இருக்கு.

மாசி பங்குனியில முத்துமாரியம்மனுக்கு பால்குடம் எடுக்குறதுக்காக பீரியட்ஸ தள்ளிப்போடுற மாத்திரைய மெடிக்கல் ஷாப்புல கேட்டு வாங்கிப் போடுறது நம்ம ஊருல எல்லாரும் பண்றது. நானும் பண்ணியிருக்கேன், ஒளிக்கல. ஆனா நாப்பத்தஞ்சு வயசுல தேதியே தாறுமாறா இருக்கும்போது, பிரஷர் இருக்கும்போது, கால்ல ரத்தம் கட்டுன ஆளா இருக்கும்போது, அத கேக்காம போடுறது ஆபத்து. ஏற்கனவே ஏறுக்குமாறா படுறத அந்த மாத்திரை மறைச்சும் விட்ரும். காப்பு கட்டுறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே டாக்டர கேட்டுருங்க.

"கர்ப்பப்பைய எடுத்துருவோம்"னு சொன்னா

இத கேட்டதும் நம்மாளுக உடனே தலையாட்டிருவாக. "பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு, தொல்லை விட்டுச்சு." காப்பீட்டு அட்டை இருக்கு, காசும் இல்ல. எடுக்க வேண்டிய கேஸ் இருக்கு, கேன்சர், அடங்காத ரத்தப்போக்கு, பெரிய கட்டி, அதுல வாதமே இல்ல. ஆனா வேர்வைக்கும் தூக்கத்துக்கும் கோவத்துக்கும் கர்ப்பப்பைய எடுக்குறது வைத்தியம் கெடையாது. அதோட சினைப்பையையும் எடுத்துட்டா மெல்ல மெல்ல எறங்க வேண்டிய ஹார்மோன் ஒரே நாள்ல எறங்கும், வேர்வை இன்னும் கொட்டும், எலும்பும் சீக்கிரம் தேயும்.

நான் கேக்கச் சொல்றது இதுதான்: "எதுக்காக எடுக்குறீக? ஸ்கேன்ல என்ன இருக்கு? சதை டெஸ்ட் பண்ணியாச்சா? மாத்திரையில பாத்துட்டு எடுக்கலாமா? உள்ள வைக்கிற ஹார்மோன் காயில் எனக்கு ஆகுமா? சினைப்பையையும் எடுப்பீகளா, ஏன்?" அதிகப் போக்குக்கு ரத்தத்த கொறைக்கிற மாத்திரை இருக்கு, லெவோநார்ஜெஸ்ட்ரல் காயில்னு கர்ப்பப்பைக்குள்ள வச்சு விட்டா வருஷக்கணக்கா போக்கு கொறையும். இத கேட்டா கோவிச்சுக்கிற டாக்டர்னா, ஃபைல வாங்கிட்டு இன்னொருத்தவுகள பாருங்க. அவசரம்னு சொல்லாத ஆபரேஷனுக்கு ஒரு வாரம் பொறுத்தா ஒண்ணும் குடி முழுகாது.

மருந்து

எல்லாருக்கும் மருந்து வேணும்னு இல்ல. சில பேருக்கு விசிறி, காட்டன் சேலை, ராத்திரி தலைமாட்டுல ஒரு சொம்பு தண்ணியும் ஈரத்துண்டும் போதும். நைலக்ஸ் நைட்டிய தூக்கிப் போடுங்க. காப்பி, காரம் ரெண்டும் கெளப்பி விடும்னு சொல்றாக, செட்டிநாட்டுக்காரியப் போயி காரத்த கொறைன்னா எங்க போக, நோட்டுல எழுதிப் பாத்தேன், எனக்கு மிளகாய் ஒண்ணும் பண்ணல, கொதிக்கக் கொதிக்க குடிக்கிற காப்பி தான் எதிரி. இப்ப ஆத்திக் குடிக்கிறேன். உங்களுக்கு எதுன்னு உங்க நோட்டு தான் சொல்லும்.

வாழ்க்கையே ஓட மாட்டேங்குதுன்னா ஹார்மோன் வைத்தியம் தான் வேர்வைக்கு இருக்குறதுலயே நல்லா கேக்குறது. கர்ப்பப்பை இருக்குறவுகளுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்ட்ரோனும் சேத்து குடுக்கணும், ஈஸ்ட்ரோஜன் மட்டும் குடுத்தா உள்சுவர் தடிச்சு கேன்சர் வரைக்கும் போகலாம். கர்ப்பப்பை எடுத்தவுகளுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும். மாத்திரையா வரும், தோல்ல தடவுற ஜெல்லாவும் வரும், ரத்தம் கட்டுற பயம் ஜெல்லுல கம்மி. "ஹார்மோன்னா கேன்சர்"னு ஒரு பயம் நம்ம எல்லாருக்கும் இருக்குல்ல, அது வந்த கதை இது: 2002ல அமெரிக்காவுல ஒரு பெரிய ஆராய்ச்சிய பாதியிலயே நிறுத்துனாக, மார்புக் கேன்சர் கூடுதுன்னு. ஆனா அதுல இருந்தவுக சராசரி வயசு 63, நின்னு ரொம்ப வருஷம் ஆனவுக. அறுபதுக்குள்ள, நின்னு பத்து வருஷத்துக்குள்ள ஆரம்பிக்கிறவுகளுக்கு, வேற சிக்கல் இல்லன்னா நன்மை தான் கூடன்னு இப்ப டாக்டர்கள் சொல்றாக. ரெண்டு ஹார்மோனும் சேத்து வருஷக்கணக்கா எடுத்தா மார்புக் கேன்சர் அபாயம் கொஞ்சம் கூடுறது நிஜம் தான், அத மறைக்கக்கூடாது. மார்புக் கேன்சர் வந்தவுக, காலுலயோ நுரையீரல்லயோ ரத்தம் கட்டுனவுக, ஸ்ட்ரோக், ஹார்ட் அட்டாக் வந்தவுக, கல்லீரல் கோளாறு, காரணம் தெரியாத போக்கு இருக்குறவுக, இவுகளுக்கு பெரும்பாலும் குடுக்க மாட்டாக. அக்காவுக்கு எழுதுனது நமக்கும் ஆகும்னு ஷாப்புல போயி வாங்கிறாதீக.

ஹார்மோன் ஆகாதவுகளுக்கும் வழி இருக்கு. மனச்சோர்வுக்கு குடுக்குற சில மாத்திரை கம்மி டோஸ்ல வேர்வைய கொறைக்கும், காபாபென்டின்னு ஒண்ணு ராத்திரி வேர்வைக்கு குடுப்பாக. "எனக்கு என்ன பைத்தியமா, இந்த மாத்திரை எழுதியிருக்காக"ன்னு எங்க மதினி சீட்ட கிழிச்சுப் போட்டாக. பைத்தியத்துக்கு இல்ல மதினி, வேர்வைக்கு. அதே நேரம் நெசமாவே மனசு இருட்டா இருக்கு, சாகலாம்னு தோணுதுன்னா அதையும் சொல்லணும், 14416ல தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது.

கீழ வறட்சிக்கு குறைஞ்ச டோஸ் ஈஸ்ட்ரோஜன் கிரீம், உள்ள வைக்கிறது. உடம்புல ரொம்ப கம்மியாத்தான் ஏறும், அதனால மாத்திரை ஆகாத நெறைய பேருக்கு கூட இது ஆகும், மார்புக் கேன்சர் வந்தவுக மட்டும் அந்த டாக்டரையும் கேட்டுக்கிட்டு போடணும். ஒரு மாசம் ரெண்டு மாசம் விடாம போட்டாத்தான் தெரியும், ரெண்டு நாள்ல கேக்கலன்னு நிறுத்திறாதீக. சோப்பு, டெட்டால் போட்டு கழுவுறத மொதல்ல விடுங்க, வெறும் தண்ணி போதும். எரிச்சலும் கடுப்பும் இருந்தா மூத்திர டெஸ்ட் ஒண்ணு பாத்துக்கங்க.

எலும்புக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேணும்னு கணக்கு. நூறு கிராம் கேப்பையில 350க்கு பக்கம் இருக்கு, ஒரு டம்ளர் பால்ல 200 மேல. எள்ளு, கீரை, நெத்திலி கருவாடு. உளுந்தங்களிய பத்தி கேப்பீக, நல்லது தான், புரதம் இருக்கு, வயசுக்கு வந்த புள்ளைக்கு மட்டும் கிண்டிக் குடுத்துட்டு ஆத்தாளுக்கு சட்டிய வழிச்சு குடுக்குறது தான் தப்பு. கருப்பட்டியும் நல்லெண்ணெயும் அளவா போடுங்க, சுகர் இருக்குறவுக இன்னும் அளவா. ஆனா களி ஹார்மோன திருப்பிக் கொண்டு வராது. கவுனி அரிசிக்கு இங்க வேலை இல்ல, நாம அதுல போடுற சீனிக்கு பேரு மருந்து கெடையாது. வளவுல, அதான் வீட்டு நடுமுத்தத்துல, வர்ற வெயில்ல கொஞ்ச நேரம் நில்லுங்க, வெறுமனே நடக்குறதோட விடாம கொஞ்சம் கனம் தூக்குங்க, எலும்புக்கு பாரம் வேணும். வைட்டமின் டி பாத்துட்டு கொறைவா இருந்தா டாக்டர் எழுதுவாக.

மருந்து ஆரம்பிச்சா மூணு மாசத்துல திரும்பப் போயி காட்டணும். நோட்டையும் கொண்டு போகணும். எனக்கு ஜெல்லும் மாத்திரையும் எழுதுனாக, முன்னாடி மார்பு ஸ்கேன், பிரஷர் எல்லாம் பாத்துட்டுத் தான். மூணாவது வாரத்துல வேர்வை ஒரு நாளைக்கு ஏழு தடவையில இருந்து ரெண்டுக்கு வந்துச்சு, மூட்டு அவ்வளவா கேக்கல, அது கொஞ்சம் வருத்தம் தான்.

வீட்டுல எப்படிச் சொன்னேன்னா, சாப்பாட்டு நேரத்துல இல்ல, ராத்திரி வீட்டுக்காரர் டிவிய நிறுத்துனதுக்கு அப்பறம், "எனக்கு இன்னது நடக்குது, டாக்டர் இன்னது சொன்னாக, நான் சிடுசிடுன்னா அப்ப எங்கிட்ட பேசாதீக, ஃபேன மட்டும் கூட்டி வைங்க"ன்னேன். அவரு "சரி"ன்னாரு. அவ்வளவுதான் பேசுனாரு, ஆனா மறுநாள் பின்கட்டுல அடுப்புக்கிட்ட ஒரு டேபிள் ஃபேன் வந்து உக்காந்திருந்துச்சு. அயித்தைகிட்ட சொல்லப் பயந்தேன். அவுக 78 வயசு, கேட்டுட்டு கொஞ்ச நேரம் வெத்தலைய மடிச்சுக்கிட்டே இருந்தாக, அப்பறம் "நான் அப்ப கெணத்தடியில போயி ராத்திரி ராத்திரி தண்ணி எறைச்சு ஊத்திக்குவேன், உங்க மாமா பேய் புடிச்சுருச்சுன்னு மந்திரிக்க கூட்டிட்டுப் போனாக"ன்னாக.

சீட்ட கிழிச்ச அந்த மதினிய அடுத்த செவ்வாக்கெழமை நான் தான் கூட்டிட்டுப் போறேன். கடைசியா எப்ப பட்டுச்சுன்னு கேட்டேன், "பூச்சொரிதலுக்கு முன்னாடி, இல்ல பின்னாடி"ன்னாக. காலண்டர எடுத்துட்டு வாங்கன்னு சொல்லி ரெண்டு பேரும் உக்காந்து எண்ணிக்கிட்டு இருக்கோம்.